ஜீவனாம்ச பாக்கி: வசூல் யார் வேலை?

2024 டிசம்பரில் கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்துக்கு ஒருவர், தர வேண்டிய ஜீவனாம்சத்தில் 80 ஆயிரம் ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாக மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். நோட்டாக மாற்றி வரச் சொன்னது நீதிமன்றம். செய்தியைப் படித்துப் பலர் சிரித்தார்கள். அவர் பணத்தையாவது கொண்டுவந்தாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

கொண்டுவராதவர்களுக்கென்று இருப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்யாத பெண்ணுக்கும் இது பொருந்தும். பாக்கி வைத்தால் வாரண்ட். அதற்கும் மசியாவிட்டால் ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தால் கணக்கு தீர்ந்துவிடாது என்று 1989இல் குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இந்தச் சிறைப் பயத்துக்குப் பலன் உண்டு. போலீஸ் வாரண்டோடு வாசலில் நின்றதும், அதுவரை இல்லாத பணம் அண்ணனிடமிருந்தோ நகைக்கடனிலிருந்தோ புரண்டுவிடும். ஆனால் அசராமல் உள்ளே போய்விடுகிறவரை என்ன செய்வது? அவருக்கு வேலை போகும், வருமானம் நிற்கும். அடுத்த பாக்கிக்கு அந்தப் பெண் மறுபடி மனு, மறுபடி வக்கீல் ஃபீஸ், மறுபடி வாய்தா. பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால் அந்தத் தொகைக்கு இந்தப் பிரிவில் வாரண்ட் கிடையாது. ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்’ என்ற பேச்சை நம்பிப் பொறுத்திருந்தவளுக்குத்தான் நஷ்டம். இந்த முறையின் மிக மோசமான ஓட்டை இதுவே என்பேன்.

சம்பளத்தில் கை வைக்கும் வழி மேலானது. ஜீவனாம்ச டிக்ரிக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்தால் மூன்றில் ஒரு பங்கைத்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டம் காப்பாற்றுகிறது. மற்றக் கடன்களில் காப்பு இதைவிட அதிகம். குடும்ப வன்முறைச் சட்டப்படி, முதலாளியே பணத்தை நேராக அவளுக்குக் கட்டும்படியும் உத்தரவிடலாம். அரசு ஊழியர் தப்ப முடியாது. கடையைத் தம்பி பெயரிலும் லாரியை அம்மா பெயரிலும் வைத்திருப்பவரிடம் எதைப் பிடித்தம் செய்வது? 2020இல் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் எழுதாமல் விட்டதைத் தோண்டி எடுக்கும் வேலையும் பெரும்பாலும் அவள் தலையில்தான் விழுகிறது.

இதெல்லாம் தெரிந்த வக்கீல்கள் பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: “மாசாமாசம் வேணாம்மா, மொத்தமா டிடியா வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க.” அனுபவத்தில் விளைந்த யோசனை, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பாக்கி விழும் என்ற பயத்திலேயே பேரத்தில் அவள் முதலில் இறங்கி வருகிறாள். பத்து லட்சம் கேட்க வந்தவள் ஆறுக்குச் சம்மதித்தால், அந்த நான்கு லட்சம் எந்த நீதிமன்றக் கணக்கிலும் பாக்கியாக ஏறுவதில்லை.