திப்புவின் கடிதங்களும் நமது காயமும்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து வருவது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதையை மீட்கப் போராடி, சிறகு அறுபட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் மகனைப் போல் நின்று ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பது வைணவ அன்பர்களின் நம்பிக்கை. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான விசயராகவப் பெருமாள் கோயிலும், சடாயுவின் பெயரால் அமைந்த தீர்த்தமும் இங்குள்ளன. நெசவுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவரின் இல்லத்தில் அங்கே ஒரு பகல் தங்கியிருந்தோம். நம் பையில் கனத்த நூலொன்று இருந்தது. தறியோசை கேட்டபடியே அதன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். நூலின் நாயகன் மைசூர் அரசன் திப்பு சுல்தான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அந்நூலை வாசிப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில், 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், முப்பது வயதை எட்டாத திப்புவும் அவன் தந்தை ஐதர் அலியும் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையைச் சுற்றி வளைத்து அழித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்க, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட அப்படை நிலைகுலைந்தது. காஞ்சியில் காத்திருந்த தளபதி மன்றோ, பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு நோக்கிப் பின்வாங்கினார். சிறைப்பட்ட பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார். பறவைக்கு ஈமக்கடன் நடந்ததாகச் சொல்லும் ஊருக்கு இத்தனை அருகில், ஈமக்கடன் இல்லாமல் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணம் அன்று நம்மை விட்டு அகலவில்லை.

நம் கையிலிருந்த நூல் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்னும் படை அதிகாரி பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1811இல் இலண்டனில் வெளியிட்ட திப்புவின் கடிதத் திரட்டு. 1785 முதல் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில் கோட்டைத் தலைவர்களுக்கும் படைத் தளபதிகளுக்கும் வணிக முகவர்களுக்கும் தூதர்களுக்கும் திப்பு எழுதுவித்த நானூற்றுக்கும் மேற்பட்ட மடல்களும் ஆணைகளும் இதில் உள்ளன. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்ட ஏடுகள் இவை. ஓர் அரசனின் அந்தரங்கம் அவனைக் கொன்றவர்களின் கையால் வெளியிடப்பட்டிருக்கிறது என்பதை வாசகர் ஒரு வரியிலும் மறக்கலாகாது.

கிர்க்பாட்ரிக் அதை மறைக்கவும் இல்லை. முன்னுரையிலேயே திப்புவுக்குப் பட்டங்களை அடுக்கிவிடுகிறார். கொடிய பகைவன், மதவெறியன், அநீதியான ஆட்சியாளன், நம்பிக்கைத் துரோகி என்று தொடங்கும் அந்தப் பட்டியல் வியக்கத்தக்க விதமாகச் சில்லறைக் கடைக்காரன் என்ற வசையில் முடிகிறது. கொடுங்கோலன் என்பதைவிடக் கடைக்காரன் என்பது பெரிய இழுக்காகக் கடைசியில் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு நாம் சிரித்தோம். ஒரு வணிகக் குழுமத்தின் ஊழியர் எழுதிய வசை அல்லவா அது!

அந்தக் கடைக்காரத்தனத்தைத்தான் நாம் இந்நூலின் உயிராகக் கருதுகிறோம். மஸ்கட்டிலுள்ள முகவருக்குப் போகும் மடலில் பேரீச்ச மரமும் குங்குமப்பூ விதையும் முத்துக் குளிப்போரும் கப்பல் தச்சரும் கேட்கப்படுகிறார்கள். வெறிநாய் கடித்தவனின் புண்ணை எப்படிப் பேணவேண்டும் என்று மன்னனே மருத்துவம் சொல்கிறான். வங்காளத்திற்கு ஆள் அனுப்பிப் பட்டுப்புழு வருவித்து, அவை வந்து சேருமுன் எங்கே வைக்கவேண்டும், எதை உணவாகத் தரவேண்டும் என்று கோட்டைத் தலைவனுக்கு 1786இல் எழுதுகிறான். இன்று காஞ்சித் தறிகளில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடக மண்ணில் விளைந்தது. அந்த மடலைப் பற்றிச் சொன்னபோது நம் அன்பர் பாவிலிருந்து கையெடுக்காமலே, "அப்படியென்றால் அவரும் நம்ம ஆள்தான்" என்றார். கிர்க்பாட்ரிக்கின் அடிக்குறிப்புகள் எல்லாவற்றையும்விட இது நல்ல விமரிசனமாக நமக்குப் பட்டது.

ஆனால் கத்தோலிக்கராகிய நாம் இந்நூலை அப்படி எளிதில் மூடிவைத்துவிட முடியாது. 1784 பிப்ரவரியில், திருநீற்றுப் புதனன்று, கன்னட நாட்டுக் கடற்கரையில் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் குடும்பம் குடும்பமாகப் பிடிக்கப்பட்டு, மலைகளைக் கடந்து சீரங்கப்பட்டணத்திற்கு நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களுடைய ஆலயங்கள் இடிக்கப்பட்டன, நிலங்கள் பறிக்கப்பட்டன. வழியிலும் சிறையிலும் பலர் மாண்டனர். பலர் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். முந்திய ஆண்டில் மங்களூரைக் கைப்பற்றிய ஆங்கிலேயருக்கு அவர்கள் துணைநின்றார்கள் என்பது அரசன் கூறிய குற்றச்சாட்டு. சிலர் உதவியிருக்கலாம். தொட்டில் குழந்தை என்ன உதவி செய்திருக்கும்?

கிர்க்பாட்ரிக்கின் திரட்டு அந்நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டில் தொடங்குவதால், நம்மவரைப் பிடிக்கச் சொன்ன ஆணை அதில் இடம்பெறவில்லை. ஆனால் திப்புவின் பெயரால் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்பில் அச்செய்தி இருக்கிறது. கிறிஸ்தவர்களின் வீடுகளை முன்கூட்டியே எண்ணிக் கணக்கெடுத்ததையும், முத்திரையிட்ட ஆணைகளை அதிகாரிகளிடம் கொடுத்து ஒரே நாளில் ஒரே நேரத்தில் பிரித்து நிறைவேற்றச் செய்ததையும் அது பெருமையோடு விவரிக்கிறது. பிடிபட்டோர் அறுபதாயிரம் என்கிறது. பட்டுப்புழுவுக்கு இடம் தேடிய அதே நுணுக்கம் இங்கும் வேலை செய்வதைக் காணும்போது உள்ளம் நடுங்குகிறது. எதையும் எண்ணிப் பார்த்து, முன்னதாகவே திட்டமிட்டு, எழுத்தில் வைக்கும் அரசன் அவன். அவனுடைய நன்மையும் தீமையும் ஒரே மேசையிலிருந்துதான் புறப்பட்டன.

அந்த அறுபதாயிரம் என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். வரலாற்றாசிரியர் சிலர் முப்பதாயிரம் என்றும், சிலர் அதற்கு மேலும் கணக்கிடுகிறார்கள். குடகில் தான் பிடித்தவர்கள் நாற்பதாயிரம் என்று கர்நூல் நவாபுக்கு எழுதிய மடலிலும் திப்பு இதே போன்றதொரு முழு எண்ணைத்தான் சொல்கிறான். இவை வெற்றிச் செருக்கின் எண்கள். துன்புற்றவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், நம்மைத் துன்புறுத்தியவனின் செருக்கு மொழியையே நம் நினைவுச் சின்னத்தில் பொறித்துக்கொள்வது விந்தை. குறைந்த எண்ணை ஏற்றுக்கொண்டால் துயரம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இத்தனையும் செய்தவன்தான் சிருங்கேரி மடத்துக்கு அந்தக் கடிதங்களையும் எழுதினான். 1791இல் மராட்டியப் படையினர் அம்மடத்தைச் சூறையாடியபோது, சாரதா தேவியின் திருவுருவை மீண்டும் நிறுவப் பணமும் பொருளும் அனுப்பி, மடத்துத் தலைவருக்கு மிகுந்த பணிவோடு கன்னடத்தில் மடல் எழுதினான். 1916இல் மைசூர்த் தொல்லியல் துறை இயக்குநர் நரசிம்மாச்சார் இக்கடிதங்களை வெளிக்கொணர்ந்தார். சிருங்கேரியைச் சொல்பவர் மங்களூரை மறைக்கிறார், மங்களூரைச் சொல்பவர் சிருங்கேரியை மறைக்கிறார். நம் பக்கத்துப் பேச்சாளர்களும் இதற்கு விலக்கல்லர் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

திப்புவின் நாட்குறிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. அது கனவுகளின் குறிப்பேடு. தன் கைப்படப் பாரசீகத்தில் அவன் எழுதி மறைத்து வைத்திருந்த முப்பத்தேழு கனவுகள். அதைக் கண்டெடுத்தவரும் கிர்க்பாட்ரிக்தான். ஏடு இப்போது இலண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பெரும்பாலான கனவுகளில் வெற்றியும் பகைவரின் வீழ்ச்சியுமே வருகின்றன. மூன்று தட்டுகளில் பேரீச்சம்பழம் வந்தால்கூட அவை மூன்று பகைவரின் நாடுகளாகிவிடும். ஆனால் ஒரு கனவு வேறு வகை. பின்புறம் சிதைந்த பெரிய கோயிலொன்றுக்குள் அவன் போகிறான். சிலைகளின் கண்கள் அசைகின்றன. கடைசி வரிசையில் பெண்ணுருவில் இருந்த இரண்டில் ஒன்று சேலையைச் சரிசெய்துகொண்டு, தாங்கள் நெடுங்காலமாக இறைவனை வேண்டிக்கொண்டிருப்பதாகக் கூறுகிறது. நல்லது, அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, கோயிலைச் செப்பனிடும்படி தன் ஆட்களுக்குக் கட்டளையிடுகிறான். உறக்கத்திலும் ஆணை! இக்கனவை வாசித்த அன்று மாலை விசயராகவப் பெருமாள் கோயிலின் வெளியே சிறிது நேரம் நின்றிருந்தோம்.

இங்கே கடலுக்கு அப்பாலிருந்து ஒருவரை அழைக்க விரும்புகிறோம். திப்புவின் சமகாலத்தவர், அதே ஆங்கிலேயரை எதிர்த்தவர், அதே 1799இல் டிசம்பரில் மறைந்தவர், அமெரிக்கத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். யார்க்டவுனில் 1781இல் அவரிடம் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் 1792இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் பாதி நாட்டையும், பிணையாக இரண்டு பிள்ளைகளையும் கேட்டு வாங்கியவர். அமெரிக்கப் போர்க்கப்பலொன்று 1782இல் ஐதர் அலியின் பெயரைத் தாங்கியிருந்தது என்றால் நம் வாசகர்கள் வியப்பார்கள்.

வாஷிங்டனும் கடிதம், நாட்குறிப்பு, படை ஆணை என மூன்றையும் மலைபோல் விட்டுச் சென்றவர். 1775 நவம்பர் 5ஆம் நாள் அவர் பிறப்பித்த படை ஆணை கத்தோலிக்கர்களுக்கு இனிப்பது. திருத்தந்தையின் உருவப் பொம்மையை எரித்துக் கொண்டாடும் வழக்கத்தை, சிறுபிள்ளைத்தனம் என்று கண்டித்து அதில் அவர் தடைசெய்தார். அப்போது கனடா நாட்டுக் கத்தோலிக்கரின் நட்பு அவருக்குத் தேவைப்பட்டது என்பதை அந்த ஆணையே ஒளிவின்றிச் சொல்கிறது. 1779 மே 31ஆம் நாள் தளபதி சல்லிவனுக்கு எழுதிய ஆணையிலோ, இரோக்குவா பழங்குடியினரின் குடியிருப்புகளை அடியோடு அழிக்கவும், வயது பால் வேறுபாடின்றி இயன்ற அளவு பேரைச் சிறைப்பிடிக்கவும் கட்டளையிட்டார். பயிர்களும் அழிக்கப்பட்டன. பகைவருக்குத் துணைநின்றார்கள் என்பதே அங்கும் காரணம். முதல் ஆணையை நாம் மேற்கோள் காட்டி மகிழ்கிறோம். இரண்டாவதை இரோக்குவா மக்கள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இதனால் திப்புவின் செயல் சிறிதும் வெளுத்துவிடாது. ஆனால் கிர்க்பாட்ரிக்கின் அடிக்குறிப்புகளில் கொடுமை ஓர் இனத்தாரின், ஒரு மதத்தாரின் தனிச் சொத்துப்போல் எழுதப்படுவது பொய். அவர் நூலின் பெருங்குறை அதுவே. மொழிபெயர்ப்பின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. பட்டுப்புழு மடலையும் மருத்துவ மடலையும் அவர் விட்டுவிடாமல் சேர்த்தது அவருக்குப் பெருமை. ஒவ்வொன்றின் கீழும் நின்றுகொண்டு நம் காதில் கிசுகிசுக்கிறார் என்பதுதான் பொறுக்க முடியாதது.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சிதறிக் கிடந்த நம் மக்களைத் திரட்டித் திருச்சபையோடு மீண்டும் சேர்க்க வந்தவர் பிரெஞ்சுக் குருவானவர் அபே துபுவா. அவரும் கடிதங்கள் எழுதினார். அவை 1823இல் நூலாயின. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட விசுவாசத்தை அறிக்கையிட்டு உயிர்விடும் துணிவு இல்லாமற்போனதே என்று அதில் கடிந்துகொள்கிறார். துபுவாவின் உழைப்பை மதிக்கிறோம். எனினும் அந்தச் சிறையில் ஒரு நாளும் இருந்திராத பேனாவின் கடுமை அது என்றே சொல்லத் தோன்றுகிறது. பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் எஞ்சியவர்கள் திரும்பி வந்து குருவின் வாசலில் நின்றார்களே, அதைப் பற்றி அவர் இன்னும் சில வரிகள் எழுதியிருக்கலாம். அவர்கள் நானூறு மடல்கள் விட்டுச் சென்றவர்கள் அல்லர்.

வாசிக்க விரும்புவோர்க்கு ஒன்று சொல்வோம். கிர்க்பாட்ரிக்கின் நூலைக் கையிலெடுத்தால் முதலில் மடல்களை வாசியுங்கள். அடிக்குறிப்புகளைப் பிறகு பார்க்கலாம். முன்னுரையைக் கடைசிக்கு வையுங்கள். நாம் அன்று இந்த ஒழுங்கில்தான் படித்தோம். முன்னுரைக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது, அன்பரும் தறியை நிறுத்திவிட்டு எழுந்தார்.