உல்லாசப் பிரயாணமும் எமது பிரயாண எழுத்தும்

சென்ற தவணை விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்னர், வெள்ளவத்தையில் நண்பரொருவரின் தொடர்மாடி வீட்டில் ஆசிரியர் சிலர் கூடியிருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்தும் இருவர் வந்திருந்தனர். தென்கிழக்காசியாவிற்குப் பத்து நாள் போய்வருவது பற்றிய ஆலோசனை அது. பாங்கொக், பினாங்கு, பாலித்தீவு என மூன்று பெயர்கள் தாளில் எழுதப்பட்டன. கடலிற் குளிக்க வேண்டும். புதிய உணவு உண்ண வேண்டும். கோயிலும் கூத்தும் காண வேண்டும். கோரிக்கை இவ்வளவே. காசுக் கணக்கு முடிந்த பின்னர், "போகுமுன் வாசிப்பதற்குத் தமிழில் என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஓய்வை இகழ்வதே முற்போக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். அவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. சம்பளத்துடன் கூடிய விடுமுறை உழைப்பாளர் கேட்டுப் பெற்ற உரிமை. 1936 இல் பிரான்சின் தொழிலாளர் ஆலைகளைக் கைப்பற்றி அமர்ந்த பின்னரே இரண்டு வார விடுமுறை அங்கு சட்டமாயிற்று. அவ்வாண்டிலேயே சர்வதேசத் தொழில் தாபனமும் அவ்வுரிமையை ஓர் உடன்படிக்கையில் எழுதியது. ஆலைத் தொழிலாளி முதன்முறையாகக் கடலைக் கண்ட கோடை அது. ஆகவே கடற்கரைக்குப் போகின்றவனை நாம் குற்றஞ் சொல்லவில்லை. அவனுக்கு வழிகாட்டும் எழுத்தின்மீதே எமது வழக்கு.

எமது வார இதழ்களிலும் ஞாயிற்று மலர்களிலும் வரும் பிரயாணக் கட்டுரைகளை ஒருசேர வைத்து வாசித்தோம். விதிவிலக்குகள் உண்டு, ஆயினும் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விமான நிலையத்தின் தூய்மையில் தொடங்கி, மணலின் வெண்மையை வியந்து, உணவின் காரத்தை நம்மூர்க் காரத்தோடு ஒப்பிட்டு, பழங்கோயிலொன்றின் வாயிலில் "இங்கும் நம் தமிழ்!" என்ற பெருமிதத்தோடு அவை முடிகின்றன. அவற்றின் வாக்கிய அமைப்பைக் கவனித்தல் வேண்டும். அறை துப்புரவாக இருந்தது, உணவு வந்தது, படகு புறப்பட்டது. துடைத்தவள் யார், சமைத்தவன் யார், படகைத் தள்ளியவன் யார் என்பதற்கு அவ்வாக்கியங்களில் எழுவாய் கிடையாது. இலக்கண வழுவென்று இதைக் கூறிவிட முடியாது. பொய்யும் அன்று, ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே மெய். ஆயினும் அவற்றைக் கூட்டிப் பார்க்குமிடத்து உருவாகும் நாடு, மனிதர் உழையாமலே இயங்கும் ஒரு மாயநாடு.

எமது பிரயாண இலக்கியம் என்றும் இவ்வாறு இருந்ததில்லை. ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940 இல் வெளிவந்தது. அவர் வருணனையிற் செட்டானவர். ஒரு காட்சிக்கு இரண்டு வரிக்கு மேற் செலவிட மனம் வராதவர். ஆனால் தாம் சந்தித்த சாதாரண மனிதரின் சொல்லை மறவாமற் குறித்துவைத்தவர். அந்தச் சிக்கனம் இன்றைய எழுத்தாளருக்குப் பிடிபடவில்லை.

எமது நாட்டவரான தனிநாயகம் அடிகளின் 'ஒன்றே உலகம்' வேறு வகையானது. அறிஞரொருவரின் பிரயாணம் அது. சயாம் அரசவையின் பிராமணர், பொருள் மறந்துபோன நிலையிலும், திருவெம்பாவையைத் தம் சடங்கில் ஓதிவருகின்றனர் என்ற செய்தியைத் தமிழுலகம் பரவலாக அறிந்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. மொழியொன்று கடல் கடந்து நூற்றாண்டுகள் தாண்டி ஒலிக்கக் கேட்டவரின் வியப்பு உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட நாம் யார்? குறை, அவருக்குப் பின் வந்தோரிடத்தே உள்ளது. அவர் ஆய்ந்து கண்டதை இவர்கள் பல்லவியாக்கிக்கொண்டனர். பாங்கொக்கிற்குப் போகின்ற ஒவ்வொருவரும் அந்த அரண்மனைத் தமிழைத் தாமே கண்டுபிடித்தாற்போல எழுதுகின்றனர். அதே நாட்டில், பாங்கொக்கிலிருந்து ஒரு நாளிற் போய்வரக்கூடிய தூரத்தில், வேறொரு தமிழ் மண்ணுக்குள் கிடக்கின்றது.

காஞ்சனபுரியைக் குறிப்பிடுகின்றோம். 1942 இலும் 1943 இலும் யப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைத்தது. அதில் வேலைசெய்விக்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மடிந்தோர் 12,000க்கு மேல். பர்மியர், மலாயர், யாவகர், தமிழர் ஆகிய ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவினர். அவர்களுள் மடிந்தோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகின்றது. தமிழருட் பெரும்பாலோர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள். இன்று காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கற்கள் வரிசையாக நிற்கின்றன. சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் வயதும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. தோட்டத் தொழிலாளிக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. வாந்திபேதியில் இறந்தவர்களைக் கூட்டங்கூட்டமாகப் புதைத்தும் எரித்தும் முடித்தார்கள். அப்பாதையில் எஞ்சிய பகுதியில் ஓடும் புகைவண்டி, இப்போது உல்லாசப் பிரயாணிகளின் விருப்பத்திற்குரியது. சன்னலோரம் அமர்ந்து ஆற்றைப் படம் பிடிக்கலாம்.

அவ்வாற்றின் பெயரை உலகறியச் செய்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படம் 1957 இல் வெளிவந்தது. அது சயாமிற் படமாக்கப்படவில்லை. எமது களனி கங்கையின் மேற்பகுதியில், கித்துல்கலவிற் படமாக்கப்பட்டது. கட்டிய பாலத்தைப் படத்திற்காகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏழு ஒஸ்கார் பரிசுகள் பெற்ற அப்படத்தில் ஆங்கிலத் தளபதியின் கௌரவத்திற்கு இடமிருந்தது. யப்பானியத் தளபதியின் கௌரவத்திற்கும் இடமிருந்தது. இறந்தோரிற் பெருந்தொகையினரான ஆசியத் தொழிலாளரின் கதைக்கு இடமிருக்கவில்லை. கித்துல்கலவைச் சூழ்ந்த மலைகளிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர் என்பதை எண்ணும்போது இந்த மறைப்பு இருமடங்காகின்றது. அந்நீர் ஓடிவந்து கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்திற் கடலோடு கலக்கின்றது. ஆக, நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை.

திரைப்படம் மறைத்ததைத் தமிழ் நாவல் சொல்ல முயன்றிருக்கின்றது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993 இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005 இலும் வெளிவந்தன. கலைத்திறன் பற்றி வாதிடலாம். ஆயினும் பாங்கொக்கிற்குப் போகும் தமிழ் வாசகனுக்கு நாம் முதலிற் கொடுக்கவேண்டியவை இந்நூல்களே. கொழும்பின் புத்தகக் கடைகளில் இவை எளிதிற் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்று வினவுவோமாயின், பதில் எம்மையே சுடும்.

மலாயாவோடு யாழ்ப்பாணத்தாரின் தொடர்பு எழுதுமேசை வழியானது. புகையிரத நிலைய அதிபராகவும் அலுவலகக் கிளாக்கராகவும் போனவர்கள் நாம். 'மலாயன் பென்சனியர்' கட்டிய வீடுகள் இன்றும் எமது ஊர்களில் நிற்கின்றன. அதே வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளியை அந்த நிலைய அதிபர் எவ்வாறு நோக்கினார்? அவருடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், நுவரெலியாவில் விடுமுறையைக் கழிக்கையில், லயன் அறைகளை எவ்வாறு நோக்குகின்றோம்? 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தின்போது எமது நடுத்தர வர்க்கத்தின் ஒரு பகுதி காத்த மௌனமும் இந்த நோக்கோடு தொடர்புடையதே. காஞ்சனபுரி எமது பிரயாணக் கட்டுரைகளிற் காணாமற் போனதற்குத் தூரம் காரணமன்று.

"ஓய்வுக்குப் போகின்றவனிடம் பிணக்கணக்குக் கேட்பதா?" என்று நண்பரொருவர் சலித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. உண்மையை அறிந்தால் இன்பம் கெட்டுவிடும் என்ற அச்சம் அதனுள் இருக்கின்றது. உணவை எடுத்துக்கொள்வோம். பினாங்கிற்குப் போகும் தமிழர் எவரும் நாசி கண்டார் உண்ணாமல் திரும்புவதில்லை. அதைப் பற்றி எழுதாமலும் இருப்பதில்லை. 'கண்டார்' என்பது தோளிற் சுமந்த காவுதடி. ஒரு முனையிற் சோற்றுப் பாத்திரமும் மறுமுனையிற் கறிகளுமாகத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்துசென்று ஜோர்ஜ் டவுன் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற உணவு அது. பல கறிகளின் குழம்பை ஒன்றன்மேலொன்றாக வார்ப்பது அவ்வுணவின் சிறப்பு. தோளின் காய்ப்பை அறிந்தவனுக்கு அச்சோற்றின் சுவை குறைந்துவிடுமா? கூடுமென்றே நாம் கருதுகின்றோம். எமது துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைத் தெருக்களிற் சாப்பாட்டுக் கடை நடத்துபவனுக்கு இது அந்நியக் கதையுமன்று. சம்பலும் தொதலும் வட்டிலப்பமும் மலாயரிடமிருந்து எமது அடுப்புக்கு வந்தவை எனக் கூறுவர். ஒல்லாந்தர் நாடுகடத்தியும் படைக்குச் சேர்த்தும் கொண்டுவந்தவர்களின் வழியினர் இன்றும் கொம்பனித்தெருவில் வாழ்கின்றனர்.

ப. சிங்காரத்தைப் படித்துவிட்டுப் பினாங்கிற்குப் போகின்றவன் பாக்கியசாலி. 'கடலுக்கு அப்பால்' 1959 இலும் 'புயலிலே ஒரு தோணி' 1972 இலும் நூலாயின. மெடானில் வாழ்ந்தவர் அவர். வட்டிக்கடைப் பையன்களின் நாக்கையும் ஏக்கத்தையும் தெருவின் இரைச்சலையும் அவரைப்போலப் பிடித்தவர் தமிழில் வேறெவருமிலர். தோட்டத் தொழிலாளி அவர் உலகின் மையத்தில் இல்லை என்பது மெய். ஆனால் அவருடைய நகரத்தில் எவரும் அலங்காரப் பொம்மையாக நிற்பதில்லை.

பாலித்தீவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதோ முற்றிலும் பொம்மை நாடகம். இந்து சமயம் தழைக்கும் தீவு, பூத்தட்டு ஏந்திய பெண்கள், அந்தி நடனம். சனூர்க் கடற்கரையை வருணிப்போர், 1906 இல் ஒல்லாந்தப் படை கரையிறங்கிய இடம் அதுவென்று கூறுவதில்லை. சில நாட்களில் பாடுங் அரசன் பரிவாரத்தோடு வெள்ளையுடுத்து அப்படையின் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து மடிந்தான். 1965 இன் இறுதியிலும் 1966 இன் தொடக்கத்திலும் கம்யூனிஸ்டுகள் என்ற பெயரால் அத்தீவிற் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 80,000 பேர் என ஆய்வாளர் கணிக்கின்றனர். அவர்களுட் பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். அதே 1966 இல், யப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்திற் கட்டிய மாடி ஹோட்டல் சனூரில் திறக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது எமது சுற்றாடலையும் மறத்தலாகாது. 1933 இன் பெரும் வேலைநிறுத்தம் நடந்த வெள்ளவத்தை நெசவாலையின் காணியில் இன்று உயர்மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அங்கு வாழ்வோரில் எத்தனை பேர் அதை அறிவர்?

பிறர் எம்மை எழுதும் முறையும் இதுவே. இலங்கையின் உல்லாசப் பிரயாண விளம்பரங்களில், கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்து பறிக்கும் பெண் இடம்பெறாத ஆண்டுண்டா? அவளுக்குப் பெயரில்லை, நாட்சம்பளம் அச்சிடப்படுவதில்லை. 2009 இன் பின்னர் பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்கள் எழுந்தன. வள்ளம் இழுத்துவைக்கும் இடம் சுருங்கியதென அங்குள்ள மீனவர் முறையிட்டு வந்துள்ளனர். அங்கு வந்துபோகும் அந்நியர் தம் மொழியில் எழுதும் கட்டுரையிலும் படகு தானாகவே புறப்பட்டிருக்கும்.

எமது தாளுக்கு மீள்வோம். பாலிக்குரிய நாட்கள் அப்படியே இருக்கின்றன. சனூர்க் கடலிற் குளிக்கத்தான் போகின்றோம். பாங்கொக்கில் கடைத்தெருவுக்கென ஒதுக்கிய நாளொன்று காஞ்சனபுரிக்கு மாற்றப்பட்டது. சிங்காரத்தின் நூல் ஒரு பிரதிதான் உண்டு; கைமாறிக்கொண்டிருக்கின்றது. கூட்டத்தில் மலையகத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியரொருவர் அதுவரை பேசாதிருந்தார். பாலம் கட்டிய இடத்தை முதலிற் பார்த்துவிட்டு வரலாமே என்றார் அவர். கோட்டையிலிருந்து அவிசாவளை வழியாகப் போகும் ஹட்டன் பஸ் கித்துல்கலவில் நிற்கும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு.