தொலைந்த ஒரு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை இரவு கிளப் மேசையில் நாங்கள் தோற்றோம். சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கும்போது எங்கள் பக்கத்தில் கேட்ட ஒரே பேச்சு, பகடை கைவிட்டுவிட்டது என்பதுதான். இரண்டு நாள் கழித்து, நடுவர் எழுதிவைத்திருந்த சுற்றுக் குறிப்பை வாங்கி ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பகடை எங்களை ஏமாற்றவில்லை. மேசைப் போரின் கணக்கில் பிற்பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே எங்களுக்கென்றே கிடைத்த ஒரு மணி நேரத்தை நாங்களே தொலைத்திருக்கிறோம்.

நெப்போலியன் காலப் போர்களைச் சிறு பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசைமேல் ஆடும் விளையாட்டு இது. சதுரங்கத்திலும் படை உண்டு. ஆனால் சதுரங்கக் குதிரை நாம் நினைத்த கட்டத்துக்குத் தவறாமல் போய் நிற்கும். இந்த மேசையில் கட்டம் கிடையாது. இன்ச் டேப்பால் அளந்துதான் நகர்த்த வேண்டும். உத்தரவு போட்ட படை நகருமா நகராதா என்பதே, உத்தரவைச் சொல்லிப் பகடை உருட்டிய பிறகுதான் தெரியும். பிரிட்டனில் எத்தனையோ ஊர்களில் வாடகைக் கூடங்களில் வாரத்தில் ஒரு மாலை இந்த ஆட்டத்துக்காகவே மேசைகள் விரிகின்றன.

களம்

செவ்வாய் ஆட்டத்தின் களம் காத்ர் பிரா. பிரெஞ்சில் ‘நான்கு கைகள்’ என்று பொருள்; நம் வழக்கில் நாற்சந்தி. பெல்ஜியத்தில் ஷார்லருவாவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் சாலையும், நிவெல்–நாமூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். நாள் 1815 ஜூன் 16, வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு. சில மைல் தள்ளி லின்யியில் நெப்போலியன் பிரஷ்யர்களோடு மோதிக்கொண்டிருந்தார். நாற்சந்தியைப் பிடிக்கும் பொறுப்பு மார்ஷல் நேயிடம் இருந்தது. அவர் பிடித்துவிட்டால் வெலிங்டனால் பிரஷ்யர்களின் உதவிக்குப் போக முடியாது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அசாயேயிலும் சண்டையிட்ட அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான் இந்த வெலிங்டன்.

தொடக்கத்தில் நாற்சந்தியைக் காத்து நின்றவர்கள் டச்சு, நாசாவ் வீரர்கள் சுமார் 8,000 பேர், 16 பீரங்கிகள். நேயிடம் ஏறக்குறைய 20,000 பேர். அப்படியிருந்தும் அவர் காலைப்பொழுதைப் போகவிட்டு, 2 மணிவாக்கில்தான் தாக்கினார். 3 மணிவாக்கில் பிக்டனின் பிரிட்டிஷ் படை வந்து சேர்ந்தது. பின்னாலேயே பிரன்ஸ்விக் வீரர்கள் வந்தார்கள். மாலை முடிவதற்குள் வெலிங்டன் கையில் 30,000-க்கும் மேல்.

ஆட்டக்காரர்களுக்கு இந்தக் களம் பிடித்துப்போனதற்குக் காரணம் இந்தக் கால அட்டவணைதான். வாட்டர்லூவில் இரு பக்கமும் பெரும்படையோடு எதிரெதிரே நின்று தொடங்குகின்றன. காத்ர் பிராவில் முதலில் ஒருவர் பலசாலி, பிறகு மற்றவர் பலசாலி. தராசு எந்த நிமிடத்தில் சாயும் என்பது இரு பக்கத்துக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஆட வேண்டும் என்பதே இதன் சுவை.

முதல் இரண்டு சுற்று

எட்டடிக்கு ஆறடி மேசை. 15 மி.மீ. உயரச் சிப்பாய்கள். பக்கத்துக்கு இருவர், பொதுவாக ஒரு நடுவர். நானும் நண்பரும் பிரெஞ்சுப் பக்கம். ஒரு சுற்று என்றால் போர்க்களத்தில் அரை மணி. பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை 14 சுற்றுகள். கூடத்தில் ஏழரைக்குத் தொடங்கி பத்தேகாலுக்கு முடித்தாக வேண்டும். ஆக 165 நிமிடம். வகுத்தால் ஒரு சுற்றுக்கு 12 நிமிடம்கூட முழுதாக வராது.

பிக்டன் மேசைக்கு வருவது மூன்றாவது சுற்றில். ஆகவே எங்கள் கை ஓங்கியிருந்தது இரண்டே சுற்றுகள்தான். அந்த இரண்டையும் ஆடி முடிக்க நாங்கள் எடுத்துக்கொண்டது 50 நிமிடம்.

என்ன செய்தோம்? அன்றைய களத்தில் ரை பயிர் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மேசையில் அதற்காகத் தென்னை நார் விரிப்பை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறதோ என்ற அச்சத்தில் முன்னோட்டக்காரர்களை அனுப்பினோம்; பீரங்கிகளை இடம் மாற்றினோம்; ஜெமியோன்கூர் பண்ணை வீட்டை இரண்டு பக்கமும் சுற்றி வளைக்கலாமா என்று குசுகுசுத்தோம். பயிருக்குள் யாரும் இல்லை. 1815-இல் பிரெஞ்சுத் தளபதிகளைத் தயங்கவைத்ததும் இதே அச்சம்தான். வெலிங்டன் படையை மறைத்து வைப்பவர் என்பதை ஸ்பெயினில் அடிபட்டு அறிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்காவது அந்தப் பழைய வடு இருந்தது. எங்களுக்கு எதிராளியின் படைப்பட்டியலே கையில் இருந்தது.

பகடையின் கணக்கு

நாங்கள் ஆடியது ‘பிளாக் பவுடர்’ விதிகள், 2009-இல் வந்தவை. உத்தரவை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பகடை. தளபதியின் தகுதி எண் 8 என்றால், கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் படை நகரும். 8, 7 விழுந்தால் ஒரு நகர்வு. 6 விழுந்தால் இரண்டு. 5-க்கும் கீழே போனாலும் 5 விழுந்தாலும் மூன்று. 8-க்கு மேல் போனால் படை நின்ற இடத்திலேயே நிற்கும்; அந்தத் தளபதி அந்தச் சுற்றில் வேறு உத்தரவும் தர முடியாது.

இரண்டு பகடையில் 36 விதம் விழலாம். அதில் 26 விதம் 8-க்குள் அடங்கும், 72 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று தளபதிகளின் படைகள் ஒரே சுற்றில் சேர்ந்து நகர வேண்டும் என்று திட்டம் போட்டால், மூன்றும் பலிக்கும் வாய்ப்பு 38 சதவீதமாக இறங்கிவிடுகிறது. எங்கள் திட்டம் அப்படித்தான் இருந்தது. மூன்று முனைத் தாக்குதல், ஒரே நேரத்தில். நூற்றுக்கு 62 முறை சறுக்கக்கூடிய திட்டத்தைப் போட்டுவிட்டுப் பகடையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இதைவிடப் பெரிய பிழை உத்தரவுகளின் வரிசையில் நடந்தது. முதல் சுற்றில் நடுப்படையின் தளபதி தந்த முதல் உத்தரவு, பீரங்கியை இடப்பக்கம் தள்ளி நிறுத்துவது. பகடை 10. அவருக்குக் கீழே இருந்த நான்கு பட்டாலியன்களும் அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தன. காலாட்படைக்கு முதல் உத்தரவு போயிருந்தால், அதே 10 விழுந்தாலும், முக்கியமானதை முயன்று பார்த்து இழந்திருப்போம். பவர்பிளேயில் யார் பந்தை அடித்து ஆடுவது என்று முடிவு செய்யாமல் இறங்கிய அணியின் நிலைமைதான் எங்களுக்கு. எது நடந்தே தீர வேண்டுமோ அதற்கே முதல் பகடை என்பது இந்த ஆட்டத்தின் பாலபாடம்.

கவசக் குதிரைகள்

ஒன்பதாவது சுற்று. போர்க்களத்தில் மாலை 6. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை தாண்டிவிட்டது. எங்களிடம் மிச்சமிருந்தது கெல்லர்மானின் கவசக் குதிரைப்படை.

அந்தக் காலக் காலாட்படைக்கு மூன்று வியூகங்கள். சுட வரிசை, பாய்ந்து தாக்க அடுக்கு, குதிரைப்படை வந்தால் சதுரம். சதுரத்தை நாற்புறமும் துப்பாக்கி முனைக் கத்திகள் காக்கும். குதிரை அதன்மேல் ஏறாது. ஆனால் நெருங்கி நிற்பவர்களைப் பீரங்கி வாரிக்கொண்டு போகும். பீரங்கிக்குப் பயந்து வரிசைக்கு மாறினால் குதிரைப்படை புகுந்து வெட்டும். எந்த வியூகத்தில் நின்றாலும் அதற்கு ஒரு எமன் உண்டு. எதிராளியைத் தவறான வியூகத்தில் பிடிப்பதே தாக்குபவரின் கலை.

சாலையோரப் பயிரில் எதிர்ப்பக்கத்தின் ஒரு பட்டாலியன் எங்கள் காலாட்படையோடு சுட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. நண்பர் உத்தரவைச் சொன்னார்: “கவசப் படை சாலையோடு போய் அந்த வரிசையின் மேல் பாயட்டும்.” பகடை உருண்டு ஒரு வீரனின் அடித்தகட்டில் சாய்ந்து நின்றது. சாய்ந்த பகடை செல்லாது என்பது எங்கள் கூடத்து வழக்கம். மறுபடி உருட்டினார். ஒன்றும் மூன்றும், நான்கு. மூன்று நகர்வு! டேப் நீண்டது. பதினெட்டு அங்குலம், இன்னொரு பதினெட்டு; அதற்குள்ளேயே முட்டிவிட்டது. சுற்று முடிந்தபோது அந்தப் பட்டாலியன் மேசையில் இல்லை. எங்கள் குதிரைகள் நாற்சந்தியிலேயே நின்றன.

பக்கத்து மேசைக்காரர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். நான் பார்த்தது குதிரைகளுக்குப் பின்னால் கிடந்த இடத்தை. இரண்டடி தூரத்துக்கு எங்கள் காலாள் ஒருவன்கூட இல்லை. அடுத்த சுற்றில் எதிரியின் பீரங்கியும் இரண்டு புது பட்டாலியன்களும் சேர்ந்து சுட்டதில் கவசப் படை கலைந்து ஓடியது.

1815-இல் நடந்ததும் இதுவேதான். கெல்லர்மானிடம் இருந்தது சுமார் 800 குதிரை வீரர்கள். சதுரத்திலிருந்து வரிசைக்கு மாறும்படி வெலிங்டன் பக்கத்து ஆரஞ்சு இளவரசர் உத்தரவிட்டதால் பிரிட்டிஷ் 69-ஆம் ரெஜிமென்ட் சிதைந்தது. அதன் கொடியே பறிபோனது. தொடர்ந்து வரக் காலாட்படை இல்லாததால் கெல்லர்மானும் தன் குதிரையை இழந்து, வீரர்களின் குதிரைக் கடிவாளங்களைப் பற்றிக்கொண்டு தப்ப வேண்டியதாயிற்று. குதிரைப்படை இடத்தைப் பிடிக்கும், காலாட்படைதான் இடத்தை வைத்துக்கொள்ளும். இதைப் பத்துப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இரண்டடி வெறும் துணியைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு உரிய பாராட்டைத் தந்தாக வேண்டும். வந்த படைகளை வந்த வேகத்தில் சண்டைக்குள் தள்ளாமல், ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டாலியனைச் சாலைக்குப் பின்னால் சும்மா நிறுத்திவைத்தார்கள். எங்கள் கவசப் படையை முறித்தது அந்த இருப்புதான். நாங்களோ நடுவரின் கையில் மூடிக் கிடந்த ஓர் உறையை நம்பியிருந்தோம். பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் படை வருமா வராதா என்பது அதற்குள் இருந்தது. 1815-இல் அந்த 20,000 பேரும் லின்யிக்கும் காத்ர் பிராவுக்கும் நடுவே நடந்தே பொழுதைக் கழித்து, இரண்டு போரிலும் கைகொடுக்காமல் போனார்கள். எங்கள் உறையிலும் ‘வரவில்லை’ என்றுதான் எழுதியிருந்தது. பதினோராவது சுற்றோடு நேரம் முடிந்தது. நாற்சந்தி எதிரியின் கையில்.

வீடும் கூடமும்

இதே போரை ஆறு மாதம் முன்பு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடினோம். துணிக்கு அடியில் புத்தகங்களைச் செருகி மேடு செய்து, ஒரு ஞாயிறு முழுக்க ஆடினோம். அன்று பிரெஞ்சுப் பக்கம் ஜெயித்தது. எடுத்துவைத்த நகர்வை “இருப்பா, மாத்திக்கிறேன்” என்று திரும்ப எடுத்தோம். நடுவில் சாப்பாடு, அரட்டை, வரைபடம் பார்ப்பது எல்லாம் இருந்தது. வரலாற்றின் மேல் காதல் வளர்வது அந்த மேசையில்தான். முதல் சிப்பாய்க்கு வண்ணம் பூசக் கற்றதும் அங்கேதான்.

ஆனால் நண்பருக்கு என் பழக்கம் தெரியும். எனக்கு அவருடையது தெரியும். கூடத்தில் எதிரே உட்காருபவர் என்னை அறியாதவர். மேசைக்கு நேரக்கணக்கு உண்டு. தயங்கினால் தயக்கத்துக்கு விலை உண்டு. வீட்டு மேசை போரைப் புரியவைக்கிறது. கிளப் மேசை முடிவெடுக்கப் பழக்குகிறது. ஒன்றை விட்டு ஒன்று போதாது. தனி ஒருவரால் திரட்ட முடியாத படையும் கிளப்பில்தான் கூடுகிறது. ஒருவர் பிரஷ்யர்களைக் கொண்டுவருவார், ஒருவர் பீரங்கிகளை, ஒருவர் மரங்களை. 2019-இல் கிளாஸ்கோவின் கெல்வின் ஹாலில் வாட்டர்லூவை மீண்டும் ஆடியபோது மேசையில் நின்றவர்கள் 22,000-க்கும் அதிகமான சிப்பாய்கள். எத்தனையோ கைகள் சேராமல் அது நடந்திருக்காது.

கடிகாரம் புதிதல்ல

நேரக் கட்டுப்பாடு ஆட்டத்தின் அழகைக் கெடுக்கும் என்பவர்கள் எங்கள் கிளப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விளையாட்டின் வரலாறே பதில். 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வடிவமைத்த போர் ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். அதைப் பார்த்துவிட்டுப் பிரஷ்யப் படை முழுவதற்கும் பரிந்துரைத்த தளபதி முஃப்லிங், 1815-இல் வெலிங்டனின் தலைமையகத்தில் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். நிமிடங்களின் விலையை நேரில் பார்த்தவர். 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோதும் முப்பது வீரர்களுக்கு ஒரு நிமிடம், ஒரு பீரங்கிக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வகுத்தார். அதற்குள் நகர்த்தி முடிக்க வேண்டும்.

ஆகவே எங்கள் கிளப்புக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சதுரங்கக் கடிகாரம் வையுங்கள். ஒரு சுற்றில் பக்கத்துக்கு ஆறு நிமிடத்துக்குள். மணி அடித்ததும் உத்தரவு பெறாத படை அந்தச் சுற்றில் நிற்கட்டும். புதிதாக வருபவர்களுக்கும் ஒன்று சொல்வேன். முதல் ஆட்டத்துக்கு முன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எது நடந்தே தீர வேண்டும்? அதன் பின்னால் யார் நிற்கிறார்கள்? எனக்கு எத்தனை சுற்று இருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் பகடை எப்படி விழுந்தாலும் நன்றாக ஆடுவீர்கள்.

1815 ஜூன் 16 இரவு 9 மணிக்கு இரு பக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் விழுந்து கிடந்தார்கள். நேயின் படை, பிற்பகல் 2 மணிக்கு எங்கிருந்து புறப்பட்டதோ ஏறக்குறைய அங்கேயே திரும்ப வந்து நின்றது.