பேசும் பிம்பமும் மறைந்த கரங்களும்

பிம்பமும் அறிவியலும் காரைக்குடி வட்டாரத்திற்குப் புதியன அல்ல. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ என்னும் விடுதலை உணர்வுத் திரைப்படத்தை ஏ. வி. மெய்யப்பன் இங்கேயே உருவாக்கினார். அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் ஆட்சியாளரின் கருவிகளானால் விளைவது யாது? ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் தமிழ்த் தொடராகவும் ஒளிபரப்பப்பட்ட சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ எழுப்பும் வினா இதுவே.

கதை நிகழ்வது 2021ஐ ஒட்டிய இந்தியாவில். ஜீவா என்பவரே நாட்டை ஆள்கிறார். பெயர்கள் ஈரெழுத்துக்குள் அடங்க வேண்டும். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். கணவனைத் தேடிப் புறப்படும் நிலா என்னும் பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் இறுதியில் காண்பது யாதெனில், மக்கள் போற்றிய ஜீவா மனிதரே அல்லர். ஒளியால் புனைந்த வெறும் பிம்பம்.

இங்கே தானியேல் நூலின் 3ஆம் அதிகாரத்துப் பொற்சிலையும், வெளிப்படுத்தல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் பேசும் ஆற்றல் பெறும் சொரூபமும் நம் நினைவுக்கு வருகின்றன. பிம்பம் தானாகப் பேசுவதில்லை. அதைப் பேசுவிப்போர் உண்டு என்னும் உண்மையைக் கதை துணிவுடன் உரைக்கிறது. பிம்பம் கலைந்தபின் நிலாவை அரசியாக்கி, அவள் பெயரால் ஆள முற்படுவோரையும் அது காட்டத் தவறவில்லை. இது பாராட்டத்தக்கது.

எனினும் கதையின் அரசியல் பார்வையில் ஒரு குறை உண்டு. அடிமைத்தனம் இயந்திரத்தின் வழியே எதிர்காலத்தில் வருவதாகவும், எல்லார் மேலும் ஒரே சீராக விழுவதாகவும் அது கற்பனை செய்கிறது. வரலாறு கூறுவது வேறு. சிவகங்கைச் சீமையையும் உள்ளடக்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930-31ஆம் ஆண்டுகளில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மேல் தடைகள் பல விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது. உடலையும் அறிவையும் இவ்வாறு கட்டுப்படுத்த எந்தக் கணிப்பொறியும் தேவைப்படவில்லை. அக்கரங்கள் மறைந்திருக்கவும் இல்லை.

மேலும், கதையில் மக்கள் திரள் ஜீவாவுக்கும் ஆரவாரம் செய்கிறது. நிலாவுக்கும் ஆரவாரம் செய்கிறது. சிந்திப்போர் சிலரும் இயந்திர நாயுமே. மக்கள்மீது கொண்ட இந்த அவநம்பிக்கையும் ஓர் அரசியல் கோட்பாடே என்பதை நாம் உணர வேண்டும். எகிப்தில் விடுதலை பிறந்தது தனியொருவரின் மதிநுட்பத்தாலன்று. அடிமைகளின் கூக்குரலிலிருந்தே அது தொடங்கிற்று. பாபிலோனில் சிலையை வணங்க மறுத்தோரும் மூவராய்க் கூடியே நின்றனர்.

ஆகவே திருச்சபையின் பணி இருவகைப்பட்டது. திரையில் தோன்றும் தலைவர்களின் பின்னுள்ள கரங்களை அடையாளம் காணச் சபையாரைப் பயிற்றுவிப்பது ஒன்று. எதிர்காலக் கொடுங்கோன்மை பற்றிய அச்சத்தில், நம் தெருக்களில் இன்னும் நீங்காத பழைய கொடுங்கோன்மையை மறவாதிருப்பது மற்றொன்று. பின்னதைச் செய்யாத சபை, முன்னதைப் பற்றிப் பேசும் உரிமையை இழந்துவிடும்.