ஊசிக்கு முன்னால் இரண்டு காலைகள்

சாயங்காலம் ஐந்து மணி. ஆபீஸ் முடிந்து வரும் வழியில் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு, ஒருவர் லேபுக்குப் போய்க் கையை நீட்டுகிறார். வயது 42. சில மாதங்களாக அசதி, தூக்கம் சரியில்லை, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது. மறுநாள் ரிப்போர்ட் வருகிறது: டெஸ்டோஸ்டிரோன் 265. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'குறைவு'. அந்த ஒற்றைத் தாளை வைத்து ஊசி எழுதப்படுகிறது. இவர் நான் சொல்ல எடுத்துக்கொண்ட கற்பனை மனிதர்தான். ஆனால் அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கும் பிழைகள் கற்பனை அல்ல.

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். இளவயதினரிடம் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். சாப்பிட்டால் குறையும். காய்ச்சல் வந்தாலும், பல நாள் தூக்கம் கெட்டாலும் குறையும். தொப்பை போட்டவர்களுக்கு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதமே குறைவாக இருப்பதால், மொத்த அளவு பார்வைக்குத் தாழ்ந்து நிற்கும். அதனால்தான் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு ரிப்போர்ட்டை நம்பாதே என்கிறது. காலையில், வெறும் வயிற்றில், உடம்பு நன்றாக இருக்கும்போது பார்க்க வேண்டும். வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டிலும் குறைந்திருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் அது குறைபாடு. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வைத்திருக்கும் எல்லை டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். முதல் முறை குறைவாக வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டாம் முறை சரியாகவே வந்துவிடும். அவர்களுக்கு ஊசி தேவையே இல்லை.

இந்தச் சிகிச்சை பாதுகாப்பானதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அளந்து பார்த்துத் தொடங்கி, தொடங்கிய பிறகும் அளந்துகொண்டே இருந்தால் பெருமளவு பாதுகாப்பானது. நடைமுறையில் விட்டுப்போவது அந்த அளத்தல்தான்.

மருந்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. 1889-இல் பிரௌன்-செக்கார் என்ற பெயர்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில், நாயின் விதைப்பைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டதாகப் பாரிஸில் அறிவித்தார். அது வெறும் நம்பிக்கை. 1935-இல் இந்த ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் செயற்கையாகவும் தயாரிக்கப்பட்ட பிறகுதான் உண்மையான மருந்து பிறந்தது. அப்படித் தயாரித்த வேதியியலாளர்கள் புடெனான்ட்டும் ருசிச்காவும் 1939-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். கிளைன்ஃபெல்ட்டர் குறைபாட்டோடு பிறந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் மீசை அரும்பும்போது அவனுக்கு முகம் வெறுமையாக இருக்கும். தசை பிடிக்காது, எலும்பு பலவீனமாகும், வெளியே சொல்லவும் முடியாது. பிட்யூட்டரியில் கட்டி வந்தவர், வளர்ந்த வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதைப்பை பாதிக்கப்பட்டவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் விதைப்பையை இழந்தவர் என்று இந்த வரிசை நீளும். இவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போல. கொடுக்காமல் இருப்பதுதான் தவறு.

சிக்கல் வருவது வயது கூடக்கூட, எடை கூடக்கூட அளவு லேசாக இறங்கியவர்களிடம்தான். இவர்களுக்கு என்ன கிடைக்கிறது? 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களுக்கு ஒரு வருடம் ஜெல் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. தாம்பத்திய நாட்டம் ஓரளவு கூடியது. மனநிலை கொஞ்சம் தேறியது. ஆனால் பெரும்பாலோர் எதற்காக ஊசி கேட்கிறார்களோ, அந்தச் சுறுசுறுப்பில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. அசதிக்காக மட்டும் இதைத் தொடங்குகிறவர் இந்த முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். அசதிக்குத் தைராய்டு, சர்க்கரை, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை, மன அழுத்தம் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். ஊசியோடு நின்றுவிட்டால் அவை கண்டுபிடிக்கப்படாமலே போகலாம்.

இதயத்துக்கு ஆபத்து என்ற அச்சம் பல வருடங்கள் இருந்தது. அதற்கு விடை தேடியது டிராவர்ஸ் ஆய்வு. 45 முதல் 80 வயது வரையிலான, இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்கள் இதில் சேர்ந்தார்கள். 2023-இல் வந்த முடிவின்படி மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை ஜெல் பூசியவர்களில் 7 சதவீதம்; மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதம். வித்தியாசம் இல்லை. இதைக் கேட்டதும் 'இதயத்துக்கு ஒன்றும் ஆகாது' என்ற பேச்சு பரவிவிட்டது. எனக்கு இங்கேதான் கவலை. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு இரத்தம் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்டது. அளவு 350-க்கும் 750-க்கும் இடையே நிற்கும்படி மருந்து கூட்டியும் குறைத்தும் கொடுக்கப்பட்டது. புராஸ்டேட் சுரப்பியின் நிலையைக் காட்டும் பி.எஸ்.ஏ. அதிகமாக இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் நடுவிலேயே ஜெல்லை நிறுத்திவிட்டார்கள். அப்படிக் காவல் போட்டுக் கொடுத்ததற்கு வந்த நற்சான்று, இரண்டு வருடமாக இரத்தமே பார்க்காமல் ஊசி போட்டுக்கொள்பவருக்குப் பொருந்தாது. அந்தக் காவலுக்குள்ளேயும் இதயத் துடிப்புக் கோளாறு, நுரையீரலில் இரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஜெல் பூசியவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தன. எலும்பு முறிவும் அதிகம் என்று 2024-இல் தெரிந்தது. இத்தனைக்கும் எலும்பின் அடர்த்தியைக் கூட்டுவதாக முன்பு கண்ட மருந்து அது. 2025-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதயம் பற்றிய பழைய எச்சரிக்கையைத் தளர்த்தியது. கூடவே பிரஷர் ஏறும் என்ற எச்சரிக்கையை எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளிலும் சேர்க்கச் சொன்னது.

அளந்துகொண்டே இருக்க வேண்டியவற்றில் முதலிடம் ஹீமட்டோகிரிட்டுக்கு. இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும், இரத்தம் கெட்டியாகும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நடுத்தர வயதும் முதுமையும் உள்ள ஆயிரம் ஆண்களிடம் இரண்டு வருடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்த 54-ஐத் தொட்டார்கள். மருந்தில்லா ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான். உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இது ஏறக்கூடும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும் இந்த எண்ணை, தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பி.எஸ்.ஏ.வும் அப்படியே.

அடுத்தது, குழந்தை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, போதும் என்று விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விந்தணு உற்பத்தி படுத்துவிடும், விதைப்பை சுருங்கும். ஆண்களுக்கான கருத்தடையாக இதைப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனமே சோதித்தது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டதில் ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருடமும் தாண்டும். ஆண்மைக்கு என்று நம்பிப் போடும் ஊசி தகப்பனாகும் வாய்ப்பைத் தள்ளிப்போடுகிறது. கல்யாணம் ஆகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லாமல் ஊசி எழுதுவதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. பிட்யூட்டரிக் கோளாறால் குறைபாடு வந்தவர்களுக்கு விந்தணுவையும் தூண்டும் வேறு ஊசிகள் இருக்கின்றன. கேட்டால்தானே தெரியும்.

ஊசிக்குப் பயந்தவர்கள் ஜெல்லுக்குப் போகிறார்கள். ஒரு பாக்கெட்டில் ஐந்து கிராம் ஜெல், அதில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன். காலையில் குளித்துத் துடைத்த தோளிலும் மேல்கையிலும் தடவினால் சாராய நெடியோடு சில நிமிடத்தில் காய்ந்துவிடும். காயும்வரை அடுப்பு, விளக்கு பக்கம் போகக் கூடாது. அந்த 50 மில்லிகிராமில் உள்ளே போவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி தோலில்தான் நிற்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். நம் வீடுகளில் வெயில் காலத்தில் அப்பாக்கள் வெற்றுடம்போடுதான் இருப்பார்கள். குழந்தை தோளில் சாய்ந்தே தூங்கும். அந்தக் கன்னம் வழியாக மருந்து குழந்தைக்குப் போகும். வெளிநாடுகளில் இப்படி மருந்து ஒட்டிக்கொண்ட சின்னக் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு பெரிதாகி, முடி முளைத்து, எலும்பு வயதுக்கு மீறி முதிர்ந்தது. 2009-இல் அமெரிக்காவில் ஜெல்களுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது அதனால்தான். தடவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ந்ததும் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தூக்குமுன், மனைவியை அணைக்குமுன் அந்த இடத்தைக் கழுவிவிட வேண்டும். துண்டையும் பகிரக் கூடாது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

ஊசியிலும் வகைகள் உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் எனந்தேட் ஊசியில் முதல் சில நாள் அளவு எகிறும், கடைசியில் சரியும். மனநிலையும் கூடவே ஏறி இறங்கும். சஸ்டனான் என்ற ஊசி கடலை எண்ணெயில் கரைத்தது. வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுமார் மூன்று மாதம் தாங்கும் அண்டெகனோயேட் ஊசி நான்கு மில்லி எண்ணெய். மெதுவாக ஏற்ற வேண்டும். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் உடனே இருமலும் மூச்சுத் திணறலும் வரும் என்பதால் அமெரிக்காவில் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

இந்தியாவில் இவை அட்டவணை எச் மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இருந்தும் ஜிம்மில் யாரோ சொன்ன அளவைக் கேட்டுப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நன்றாக இருக்கும் உடம்பில் பல மடங்கு ஏற்றிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், சொந்த உற்பத்தி தூங்கிக்கொண்டிருக்கும். அசதியும் மனச்சோர்வும் வந்து மறுபடி ஊசிக்கே தள்ளும். இன்னொரு பக்கம், உண்மையில் தேவைப்படுகிறவருக்கு மறுப்பதும் நடக்கிறது. திருநம்பிகளுக்கு இது வாழ்க்கைக்கான மருந்து. அவர்களை மதித்துப் பார்க்கும் மருத்துவர் கிடைக்காதபோது, நண்பர் சொன்ன அளவில் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். மாதவிடாய் நின்றுவிட்டாலும் கர்ப்பம் தரிக்கலாம், அப்போது மருந்து சிசுவைப் பாதிக்கும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? அந்தக் கதவை அடைப்பவர்களுக்கு, சீட்டில்லாமல் போடுகிறார்களே என்று குறை சொல்ல உரிமை கிடையாது.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ யாராவது இந்த மருந்தில் இருந்தால், கடைசியாக ஹீமட்டோகிரிட் எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஞாபகம் இல்லை, அப்படியென்றால் என்ன என்று பதில் வந்தால், அடுத்த ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு நாளைக் காலையிலேயே லேபுக்கு அழைத்துப் போங்கள். அந்த ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.