ஒரு வஸந்தம், இரண்டு குதிரைகள்

2016-ஆம் ஆண்டு மே 1, ஞாயிற்றுக்கிழமையன்று, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டன் நகரின் குதிரைப் பூங்காவில் ஃபிஷர்ரோக்கானா என்னும் பெட்டைக் குதிரையின் மீதேறி முதல் ஸ்தானத்தைப் பெற்றுவிட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்து, அடுத்த ஞாயிறாகிய மே 8 அன்று இங்கிலாந்தில், இறகுப் பந்தாட்டத்துக்குத் தன் பெயரை அளித்த அதே பாட்மின்டன் மாளிகையின் திறந்த புல்வெளியில், சாம் என்னும் மற்றொரு குதிரையின் மீதேறி மீண்டும் முதல் ஸ்தானத்தைப் பெற்றபோது, ஜெர்மனியைச் சேர்ந்த மிக்கேல் யுங் ஈவென்டிங் விளையாட்டின் கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை வென்ற இரண்டாவது மனிதரானார். முந்திய ஆண்டின் செப்டம்பரில் இங்கிலாந்தின் மற்றொரு போட்டியான பர்லியிலும் அவரே வென்றிருந்தார். இம்மூன்றையும் தொடர்ந்து வெல்பவருக்கே உரிய அந்தப் பட்டத்தோடு, 3,50,000 டாலர் பரிசும் அவரை வந்தடைந்தது.

அந்த வெற்றியைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் யுங்கின் நிதானத்தையும், இரு கண்டங்களில் ஏழே நாள் இடைவெளியில் இரண்டு மகத்தான போட்டிகளை வென்ற அவருடைய உடல் வலிமையையும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் தவறில்லை. ஆயினும், அந்த வஸந்த காலத்தின் வெற்றி சேணத்தின் மீது அமர்ந்த கணத்தில் தொடங்கியதன்று என்பதும், எந்தக் குதிரையை எந்த ஊருக்கு அனுப்புவது, எதை வீட்டில் நிறுத்துவது என்று லாயத்தில் எடுத்த முடிவிலேயே அதன் பெரும்பகுதி நிச்சயமாகிவிட்டது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இதை விளக்க, அந்த விளையாட்டின் இயல்பைச் சற்றே சொல்லியாக வேண்டும். ராணுவக் குதிரைகளின் தகுதியைச் சோதிக்கும் பொருட்டுப் பிறந்து, 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இடம்பெற்று, நெடுங்காலம் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகளுக்கே உரியதாயிருந்த இந்த விளையாட்டில், ஒரே குதிரையும் ஒரே சவாரிக்காரரும் மூன்று பரீட்சைகளைக் கடக்க வேண்டும். முதலாவது டிரெஸ்ஸாஜ், வரையறுத்த களத்தில், நீதிபதிகளின் முன்னிலையில், அமைதியும் பணிவும் நளினமும் தோன்ற நடந்து காட்டுவது. இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. மூன்றாவது ஷோ ஜம்பிங். முதல் நாள் சாந்த ஸ்வரூபியாக நடந்த அதே பிராணி, மறுநாள் காடும் மேடும் நீர்நிலையும் கடந்து பாய வேண்டும். அதற்கடுத்த நாள், தொட்டால் விழுந்துவிடும் மெல்லிய கம்புகளை நுனிக்காலும் படாமல் தாண்ட வேண்டும்.

இவற்றுள் நடுப் பரீட்சையே குதிரையின் தேகத்தை உருக்குவது. அன்று நான்கு நட்சத்திரம் என்றும் 2019 முதல் ஐந்து நட்சத்திரம் என்றும் வழங்கிவரும் உச்ச வகுப்பில், ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை, நிமிஷத்துக்கு 570 மீட்டர் என்னும் வேகத்தில், அசையாத பெருந்தடைகளைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிஷங்களில், நின்றிருக்கும்போது நிமிஷத்துக்கு நாற்பதளவில் துடிக்கும் குதிரையின் இருதயம் இருநூறைக் கடந்து துடிக்கிறது. குறித்த நேரத்துக்கு மேல் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 அபராதப் புள்ளி ஏறும். தடையின் முன் ஒரு முறை மறுத்து நின்றால் 20 புள்ளி. ஷோ ஜம்பிங்கில் வீழ்த்தும் ஒரு கம்புக்கு 4 புள்ளி. ஆகவே, காட்டுப் பாதையில் பத்து விநாடி தாமதிப்பதும் மறுநாள் ஒரு கம்பைத் தட்டிவிடுவதும் கணக்கில் ஒன்றே. குதிரையை அவசரப்படுத்திப் பத்து விநாடியை மிச்சப்படுத்தினால், அதன் களைப்பு மறுநாள் காலில் தெரிந்து ஒரு கம்பு விழும். நிதானமாய் வந்தால், அந்தப் பத்து விநாடியே அபராதமாகும். இந்த நுட்பமான பேரத்தை மைதானத்தின் நடுவே, பாய்ந்துகொண்டிருக்கும்போதே, மனத்துக்குள் நடத்துபவரே உத்தம சவாரிக்காரர்.

அத்தகைய ஓட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீரை ஊற்றி உடற்சூட்டைத் தணிப்பதும், கால்களுக்கு ஐஸ் வைத்துக் கட்டுவதும், இரவெல்லாம் இடைவிட்டு இடைவிட்டு நடத்திப் பார்ப்பதும் குதிரைப் பராமரிப்பாளர்களின் பணி. மறுநாள் காலையில் அதைச் சமதரையில் ஓட்டிக் காட்டும்போது, நொண்டலின் சாயை தெரிந்தாலும் நடுவர் குழு விலக்கிவிடும். அதற்குப் பின் தசைநாண்கள் தேறுவதற்கு வாரக்கணக்கில் ஓய்வு தேவைப்படுவதால், உச்ச வகுப்புப் போட்டிகளில் ஒரு குதிரையை வஸந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை என்பதற்கு மேல் இறக்காமல் இருப்பதே விவேகமான லாயங்களின் வழக்கம். கென்டக்கியோ ஏப்ரல் மாதக் கடைசியில்; பாட்மின்டனோ மே மாத முதல் வாரத்தில். இரண்டிலும் ஒரே குதிரையை இறக்குவது நினைக்கத்தகாத காரியம். 2001-ஆம் ஆண்டு ஏற்பட்ட கிராண்ட் ஸ்லாம் பரிசு பெயருக்குச் சவாரிக்காரரைச் சேர்ந்ததாயினும், ஒரே வஸந்தத்தில் இவ்விரண்டையும் வெல்ல விழைபவருக்கு, உலகத் தரம் வாய்ந்த இரண்டு குதிரைகளேனும் ஒரே சமயத்தில் உச்ச நிலையில் இருந்தாக வேண்டும். முதன்முதலில் 2003-இல் இதை வென்ற இங்கிலாந்தின் பிப்பா ஃபனெலும் கென்டக்கிக்கும் பர்லிக்கும் பிரிம்மோர்ஸ் பிரைடையும், பாட்மின்டனுக்கு சுப்ரீம் ராக்கையுமே கொண்டு சென்றார்.

அவருக்கும் யுங்குக்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அந்தப் பட்டத்தின் வாசல்வரை வந்து திரும்பியவர்களின் கதை, வஸந்தப் போட்டிக் காலத்தின் சகல சங்கடங்களையும் சொல்லிவிடுகிறது. ஆலிவர் டௌன்எண்ட் 2009-இல் பாட்மின்டனையும் பர்லியையும் வென்றுவிட்டு, 2010-இன் ஏப்ரலில் கென்டக்கியில் குதிரையோடு வீழ்ந்து காயமுற்றார். வில்லியம் ஃபாக்ஸ்-பிட்டுக்கு நேர்ந்ததோ இன்னும் வருந்தத்தக்கது. 2011-இல் பர்லியையும் 2012-இல் கென்டக்கியையும் பார்க்லேன் ஹாக் என்னும் ஒரே குதிரையின் மீது வென்று, மூன்றாவதற்கு அவர் ஆயத்தமாகும் வேளையில், இடைவிடாத மழையினால் பாட்மின்டன் மைதானம் சேறாகி, அந்த ஆண்டுப் போட்டியே ரத்தாயிற்று. குளிர்காலம் முழுவதும் படிப்படியாய்ப் பதப்படுத்தி, மே மாதத்து ஒரே ஒரு நாளை உத்தேசித்துத் தயார் செய்த குதிரையை, வானம் பெய்த காரணத்தால் மீண்டும் லாயத்துக்கே அழைத்துச் செல்வதன் துயரத்தை, புள்ளி விவரம் எதுவும் பதிவு செய்வதில்லை. 2013-இல் ஆண்ட்ரூ நிகல்ஸன் அதே விதமாய் இரண்டை வென்று மூன்றாவதற்கு வந்தார், அவருக்கும் கைகூடவில்லை.

நிகல்ஸன் தோற்ற அந்த 2013-ஆம் ஆண்டுப் பாட்மின்டனில்தான், யுங்குக்கும் சாமுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. ஷோ ஜம்பிங்கில் எல்லாத் தடைகளையும் பழுதறக் கடந்து வந்து, கடைசித் தடையின் கம்பை சாம் தட்டிவிட, முதல் ஸ்தானம் நியூஸிலாந்தின் ஜாக் பேஜட்டுக்குப் போயிற்று. 2010-இல் உலகப் பட்டமும், 2011-இல் ஐரோப்பியப் பட்டமும், 2012-இல் யுங்கின் முப்பதாவது பிறந்த நாளன்றே லண்டனில் ஒலிம்பிக் தங்கமும் பெற்றுத் தந்த குதிரைக்கு, பாட்மின்டன் மட்டும் ஒரு கம்பு தூரத்தில் நின்றுவிட்டது.

2015-ஆம் ஆண்டு வஸந்தத்தில் யுங் இரண்டு குதிரைகளையும் சேர்த்தே கென்டக்கிக்குக் கொண்டு சென்றார். ஃபிஷர்ரோக்கானா முதலாவது, சாம் மூன்றாவது. அதே ஆண்டு பர்லியில் நிலைமை மாறியது. பெட்டைக் குதிரையோடு காட்டுப் பாதையில் வீழ்ந்த யுங், காலில் அடிபட்ட நிலையிலேயே பின்னர் சாமின் மீதேறிச் சென்று வென்றார். இந்த இரண்டு அநுபவங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் 2016-இன் பங்கீடு தானாகவே விளங்கும். விமானப் பிரயாணத்தின் சிரமத்தைத் தாங்கி, லெக்ஸிங்டனின் புல்தரையில் தன் திறமையை ஏற்கெனவே நிரூபித்துவிட்ட பதினொரு வயதுப் பெட்டைக்கு அமெரிக்கா. பதினாறு வயதாகிவிட்ட, ஆனால் ஆங்கிலேய மண்ணின் மேடு பள்ளங்களில் யாருக்கும் பின்னிடாத சாமுக்கு, விமானப் பிரயாணமின்றி ஜெர்மனியிலிருந்து நேரே பாட்மின்டன். கோடைக்கு முன் கிணற்றில் ஊறும் நீரை எந்த வயலுக்கு எப்போது பாய்ச்சுவது என்று கணக்கிட்டுப் பங்கிடும் குடியானவனின் விவேகமே இதில் எனக்குத் தெரிகிறது.

இந்த ஏற்பாட்டின் பாரம் முழுவதும் சவாரிக்காரரின் மேல் விழுந்தது. ஞாயிறு கென்டக்கியில் முடிந்தால் புதன்கிழமை பாட்மின்டனில் முதல் குதிரைப் பரிசோதனை. இடையில் இருப்பவை சமுத்திரமும் உறக்கமின்மையும். தன் களைப்பைத் தான் ஏற்றுக்கொண்டு, குதிரைக்கு அதில் துளியும் பங்கு வைக்காமல் விட்டார் யுங். அதன் பயன், சாம் அந்த வாரம் ஓடிய ஓட்டத்தில் வெளிப்பட்டது. டிரெஸ்ஸாஜில் பெற்ற புள்ளியின்மேல் காட்டுப் பாதையிலும் ஏறவில்லை, கம்புகளிலும் ஏறவில்லை. இரண்டாமிடம் பெற்ற ஆண்ட்ரியாஸ் ஓஸ்ட்ஹோல்ட்டும் ஜெர்மானியரே.

அந்த ஆண்டின் ஆகஸ்டில், ரியோ ஒலிம்பிக்குக்கென யுங் தேர்ந்தெடுத்திருந்த குதிரை டாக்கினூ. முந்திய ஆண்டு ஐரோப்பியப் பட்டம் வென்ற அது காய்ச்சலால் விலக நேர்ந்தபோது, அதன் ஸ்தானத்தில் போய் நின்றது சாம். மீண்டும் தனிநபர் தங்கம். ஈவென்டிங்கில் ஒரே குதிரையின் மீது அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக் தனிநபர் தங்கங்களை வென்றவர்கள் அதற்கு முன் மார்க்ருவாவின் மீது பாஹூட் டெ மோர்டாஞ்ஜும் கரிஸ்மாவின் மீது மார்க் டாடும் மாத்திரமே. மே மாதத்தில் கென்டக்கியின் ஆசைக்கும் சேர்த்து அந்தக் குதிரையின் கால்களைச் செலவழித்திருந்தால், ஆகஸ்டில் கூப்பிட்டவுடன் வரக்கூடிய நிலையில் அது இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இத்தனைக்குப் பிறகும், பட்டத்தின் வரலாற்றைச் சொல்லும்போது மனிதரின் பெயரையே முன்வைத்து, குதிரைகளின் பெயரைக் குறிப்புகளில் ஒதுக்கிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. சவாரிக்காரர்களின் பெயரோடு பிரிம்மோர்ஸ் பிரைட், சுப்ரீம் ராக், ஃபிஷர்ரோக்கானா, சாம் என்னும் நான்கு பெயர்களும் சமமாகப் பொறிக்கப்பட வேண்டியவை. அந்தக் குதிரைகளை இரவு முழுதும் விழித்துப் பேணிய பராமரிப்பாளர்களுக்கும் அந்த மேடையில் இடம் உண்டு.

2017-ஆம் ஆண்டு வஸந்தம் வந்தபோது யுங் தம் பங்கீட்டை மாற்றவில்லை. ஃபிஷர்ரோக்கானா தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கென்டக்கியை வென்றது. பாட்மின்டனில் சாம் இரண்டாமிடம்; முதலிடம் பெற்றது, கழுத்தெலும்பு முறிந்து, அதிலிருந்து மீண்டு வந்த ஆண்ட்ரூ நிகல்ஸனின் நீரியோ. சாமுக்கும் நீரியோவுக்கும் அப்போது வயது பதினேழு.