கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர்?

வைகாசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. பத்திரிகையை நாமே வீட்டில் செய்துக்கலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். எங்களுக்குச் சாத்தூர். பக்கத்திலேயே சிவகாசி. நாட்டுக்கே காலண்டரும் கார்டும் அடித்துக் கொடுக்கிற ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் பிரிண்டரோடு மல்லுக்கட்டுவது, மதுரையில் இருந்துகொண்டு மல்லிப்பூவை ஆன்லைனில் வாங்குவது மாதிரி என்று மச்சினன் கிண்டலடித்தான். நியாயமான கிண்டல்தான்.

சில வருஷமாகப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எங்க வீட்டுப் பரண், தாய்மாமா வீட்டு டிரங்குப் பெட்டி, ஒரு நண்பரின் தாத்தா விட்டுப்போன கோப்பு என்று இதுவரை நாற்பது சொச்சம் சேர்ந்திருக்கிறது. மூத்தது 1958-இல் அடித்தது. அதனால் அக்கா மகள் என்னிடம் வந்து, "மாமா, நீங்கதான் இதுல ஆராய்ச்சி பண்றீங்களே, வாசகம் நீங்க எழுதிக் குடுங்க" என்றபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமை ரெண்டு நாள்தான் நின்றது.

முதலில் அவள் காட்டிய மாதிரிகளைப் பற்றி. "நீங்களே செய்யலாம்" வகை வீடியோக்களும் இலவச டெம்ப்ளேட்டுகளும் இப்போது ஏராளம். பார்த்த வரைக்கும் பாதிக்கு மேல் ஒரே அச்சு: நீர்வண்ணத்தில் தைலமர இலை, மேலே பால்காகித உறை, சணல் கயிறு, அரக்கு முத்திரை. அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தைலமர இலை எங்க ஊரில் ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற சமாச்சாரம். வாசலில் கட்டுவது வாழையும் மாவிலையும். இதைச் சொன்னதும் அவள் இலையை மாற்றி வாழைமரம் வரைந்துவிட்டாள், பத்து நிமிஷ வேலை. என் விமர்சனம் இலையைப் பற்றியது இல்லை. இந்த மாதிரிகள் எல்லாமே காகிதத்தை மாற்றுகின்றன, நிறத்தை மாற்றுகின்றன, முடிச்சை மாற்றுகின்றன. நடுவில் இருக்கிற வாக்கியத்தைத் தொடுவதில்லை. கையால் செய்த உறைக்குள் போனால் அதே "நிகழும் மங்களகரமான" காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வாக்கியத்தை நான் பல வருஷம் நக்கலடித்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. முழுப் பத்திரிகையும் ஒரே வாக்கியம். தமிழ் வருஷம், மாதம், தேதி, அதற்கு நேரான ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நேரம், லக்னம், பிறகு பெற்றோர் பெயர், மணமக்கள் பெயர், மண்டபம், கடைசியில் "சுற்றம் சூழ வந்திருந்து வாழ்த்தியருள" என்று வினை. எப்போது, யாருக்கு, எங்கே என்பதெல்லாம் வரிசையாக வந்து சேர்ந்த பிறகுதான் என்ன கேட்கிறார்கள் என்பதே தெரியும். தமிழ் வாக்கிய அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. ஒரே நாளை மூன்று விதமாகச் சொல்வதும் வீண் ஆடம்பரம் இல்லை. என் தொழிலில் இதைச் சரிபார்ப்பு எண் என்போம். என்னிடம் உள்ள ஒரு பத்திரிகையில் ஆங்கிலத் தேதி ஒரு நாள் தள்ளி அச்சாகியிருக்கிறது, கிழமையும் தமிழ்த் தேதியும் சரி. ஆட்கள் கிழமையைப் பார்த்துச் சரியான நாளில் வந்துவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார்.

வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது: "திருவளர்ச்செல்வன்" என்றால் வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம், "திருநிறைச்செல்வன்" என்றால் இதுதான் கடைசிக் கல்யாணமாம். நன்றாக இருக்கிறது, ஆனால் என் பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. மூத்த மகனுக்கே "திருநிறை" போட்ட பத்திரிகைகள் இருக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் "திருவளர்" போட்டதும் இருக்கிறது. 1960-களின் பத்திரிகைகளில் இந்த இரண்டும் குறைவு, "சிரஞ்சீவி", "சௌபாக்கியவதி"தான் அதிகம். எது அச்சகத்தில் கைவசம் இருந்ததோ அதைப் போட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அச்சகம்தான் இங்கே முக்கியம். ஈய எழுத்துக் காலத்தில் கோத்த வாசகத்தைக் கலைக்காமல் கட்டி வைத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அடிப்பது எளிது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் எங்க சித்தியின் 1983 பத்திரிகையில் பழைய தும்பிக்கை "லை"யும் "னை"யும் இருக்கின்றன, சின்ன அச்சகம் எழுத்தை மாற்ற எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று பாருங்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் வந்தது பேஜ்மேக்கரும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த பழைய எழுத்துருக்களும். அந்த மென்பொருளின் வளர்ச்சியை அடோபி 2004-லேயே நிறுத்திவிட்டது. நம்ம பக்கத்துக் கடைகளில் இன்னும் ஓடுகிறது. யூனிகோடில் நீங்கள் அனுப்பிய வாசகத்தை அதில் அப்படியே ஒட்ட முடியாது, மாற்றிக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் மறுபடி அடிக்க வேண்டும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் சரியாக அனுப்பிய பெயர் கார்டில் தப்பாக வருகிறது. அதனால்தான் ஆபரேட்டர் புதுசாக எதையும் தொடங்காமல் போன வாரக் கல்யாணத்தின் கோப்பைத் திறந்து பெயரை மாற்றுகிறார். ஈய எழுத்துக் காலத்துப் பழக்கம் கோப்பு வடிவில் தொடர்கிறது, அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோப்பில் சில கட்டங்கள் மட்டும்தான் உண்டு. அங்கேதான் எங்களுக்குச் சிக்கல் வந்தது.

அக்கா வீட்டுக்காரர் 2016-இல் தவறிவிட்டார். அதற்குப் பிறகு மகளைப் படிக்க வைத்தது, வரன் பார்த்தது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியது எல்லாம் அக்கா. பத்திரிகை வழக்கம் என்ன சொல்கிறது? அப்பா பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" சேர்க்கும். அழைக்கிற இடத்தில் பெரியப்பா பெயர் வரும், இல்லையென்றால் தாய்மாமன், அதாவது நான். அம்மா பெயர் நடுவில் எங்கேயாவது வரும், அல்லது வராது. என் பெட்டியைத் திரும்பவும் ஒருமுறை முழுசாகக் கொட்டிப் பார்த்தேன். 1958 பத்திரிகையில் பெண்ணின் அம்மா பெயர், மாப்பிள்ளையின் அம்மா பெயர் இரண்டுமே இல்லை. 60-களில் ஒன்றிரண்டைத் தவிர இல்லை. 70-களின் கடைசியில்தான் "திருமதி" வரத் தொடங்குகிறார், அதுவும் "திரு"வோடு சேர்ந்துதான். கணவரை இழந்த அம்மா தன் பெயரில் அழைக்கிற பத்திரிகை என்னிடம் ஒன்றே ஒன்றுதான். 1969-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம். "வாழ்க்கை ஒப்பந்த விழா" என்று தலைப்பு, பஞ்சாங்கம் கிடையாது, கீழே "அம்மையார்" என்று முடிகிற ஒரு பெயர் மட்டும். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த 1967-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு வந்த பத்திரிகை. வாக்கியத்தை உண்மையிலேயே மாற்றியவர்கள் அவர்கள்தான். காகிதம் என்னவோ சாதா மஞ்சள் தாள்.

இவ்வளவு நாளாக இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எழுத்து வடிவத்தையும் தாளின் கனத்தையும் குறித்துக்கொண்டிருந்தேன். யார் பெயர் இல்லை என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. என் சொந்தப் பத்திரிகையில் "பி.இ." என்று போட்டு, பக்கத்தில் கம்பெனி பெயரையும் போட்டிருந்தார்கள். என் பாட்டி அப்போது உயிரோடு இருந்தார், தாத்தா இல்லை. பத்திரிகையில் "தெய்வத்திரு" தாத்தா இருக்கிறார், பாட்டி இல்லை. இறந்தவருக்கு இடம் இருந்தது. இதை 2025-இல்தான் கவனிக்கிறேன்.

அக்கா மகள் எழுதிய முதல் வரைவு: "என் மகளின் திருமணத்துக்கு உங்களை அழைக்கிறேன்", கீழே அக்கா பெயர். அவ்வளவுதான். "அழைக்கிறேன்" என்ற ஒருமையைப் பத்திரிகையில் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. என் பெட்டியில் எல்லாமே "றோம்". அக்காவோ, "எதுக்குடா என் பேரு, அவளோட பெரியப்பா பேரைப் போடுங்க, நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றாள். மகள், "பேசட்டும்மா" என்றாள். இரண்டு நாள் வீட்டில் சரியான பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அக்காவே பிரிண்ட் எடுத்த தாளைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் படித்துவிட்டு, "குலதெய்வம் பேரை மேல போடாம விட்டிருக்கியே" என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள். சேர்த்தோம். நாள், நட்சத்திர வரியை நான் வாதாடி உள்ளே வைத்தேன், சரிபார்ப்பு எண் போகக்கூடாது என்று.

செய்முறை பற்றிக் கேட்பவர்களுக்காகச் சில குறிப்புகள். முதலில் எழுத்து. யூனிகோடில் தமிழுக்கு 128 இடம் கொண்ட தொகுதி இருக்கிறது, அதில் "கொ" என்று தனி எழுத்து கிடையாது. "க"வும் ஒரு குறியும்தான். அந்தக் குறியைப் பிளந்து எழுத்துக்கு இரண்டு பக்கமும் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத அல்லது அமைப்பில் அணைந்து கிடக்கிற டிசைன் மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். "கொ", "தொ", "பெ" மூன்றையும் முதலில் அடித்துப் பாருங்கள், சரியாக வந்தால் மேற்கொண்டு போகலாம். வாசகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், பெயர்களுக்கு மீரா இனிமை. இரண்டும் இலவசம், உரிமச் சிக்கல் கிடையாது.

தாள் 200 ஜிஎஸ்எம். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதக் கூடத்துத் தாள்மேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை, 1959-லிருந்து நடக்கிற கூடம். ஆனால் கைவினைத் தாளின் மேடு பள்ளத்தில் சின்ன எழுத்து நிற்காது, உறைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மடிப்பதற்கு முன்னால் எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், அந்தத் திசையில் மடித்தால் ஓரம் வெடிக்காது.

பெரிய சொதப்பல் மஞ்சளில். நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் பத்திரிகை வெளியே போகாது. நாங்கள் அடித்தது சாயமை போட்ட இங்க்ஜெட் பிரிண்டரில். தண்ணீரில் குழைத்த மஞ்சள் பட்டதும் மூலையில் இருந்த வாழை இலை பச்சையாக ஓடியது. முதல் முப்பது தாள் குப்பை. மாதிரிகளில் பூவும் இலையும் மூலைக்கு மூலை இருக்கின்றன என்பதை அப்போதுதான் யோசித்தேன். மஞ்சள் வைக்க வேண்டிய இடத்திலேயே படம் வைத்திருக்கிறார்கள், மஞ்சள் வைக்காத ஊரில் வரைந்த படம். மூலைகளை ஒன்றரை சென்டிமீட்டர் காலியாக விட்டு, இலையை உள்ளே இழுத்து மறுபடி அடித்தோம். மஞ்சளையும் கெட்டியாகக் குழைத்தோம். லேசர் பிரிண்டரில் இந்தப் பிரச்சினை இருக்காது, ஆனால் பல வீட்டு லேசர்கள் இந்தக் கனத்தை இழுக்காது.

பெரியப்பாவுக்கு வருத்தம்தான். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்துச் சிவகாசியில் தன் பெயரில் நூறு பத்திரிகை அடித்து, பழைய வாசகத்தோடு, தன் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்தார். ஆக ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை. இரண்டிலும் நாள், நேரம், மண்டபம் ஒன்றுதான். அக்கா கையால் கொடுத்தது நூற்றைம்பது, உறைமேல் பெயர் எல்லாம் அவளே எழுதினாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் பதிவு செய்யப் போனபோது பத்திரிகையும் ஒன்று வைக்கச் சொன்னார்கள். மருமகன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. மேலே இருந்ததை வாங்கி, தேதியையும் மண்டபத்தையும் பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மேலே இருந்தது அக்கா பெயர் போட்டது.

பெரியப்பாவின் பத்திரிகையிலும் ஒரு பிரதி வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.